பூட்டி வைத்த ஐந்து வோல்ட்

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார், சென்சார் வந்தபின் பழுது பார்க்கிறவர்களெல்லாம் பார்ட்ஸ் மாற்றுகிறவர்கள் ஆகிவிட்டார்கள் என்பது பரவலான பேச்சு. பேச்சின் பின்பாதி பெரும்பாலும் உண்மை. ஆனால் பழியைச் சென்சார்மேல் போடுவது தவறு. பழைய காரின் சென்சார்களிலேயே சோதிக்க மிக எளிதானது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார். அதன் வரலாற்றைப் பார்த்தால், தொழிலை நலியவைத்தது கருவி அல்ல, கருவியைப் பற்றிய விவரங்களைக் கம்பெனிகள் தங்களிடமே வைத்துக்கொண்டதுதான் என்று தெரியும்.

இந்தச் சென்சார் செய்கிற வேலை புதிதும் அல்ல. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் த்ராட்டில் தகடு திறந்து காற்று சட்டென்று உள்ளே பாயும். காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஒரு கணம் பின்தங்கும். அந்தக் கணத்தில் வண்டி திணறாமல் இருக்கத்தான் கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் என்ற சிறு பிஸ்டனோ டயஃப்ரமோ வைத்து, கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சினார்கள். அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டுக்காக 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தபின், அதே வேலையை த்ராட்டில் தண்டின் முனையில் பொருத்திய ஒரு சுவிட்ச் எடுத்துக்கொண்டது. அதற்குள் சீப்பின் பற்கள்போல் தடம் பதித்த சிறு தகடு. மிதிக்க மிதிக்க அந்தப் பற்களின்மேல் ஒரு முள் உரசிப் போகும். தொடும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின் துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோல். 1980-களில் பல கார்களில் அந்த இடத்தைக் கார்பன் தடம் பூசிய பொட்டென்ஷியோமீட்டர் பிடித்தது. பழைய ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருக்கும் அதே சாதனம்தான். ஆகவே கார்புரேட்டரைப் புரிந்துகொண்டவருக்கு இது புரியாமல் போக நியாயமில்லை.

சோதனையைப் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் மூன்றே ஒயர்: ஒன்றில் இன்ஜின் கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் த்ராட்டில் மூடியிருக்கையில் ஏறக்குறைய 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5-ஐ ஒட்டி வரும். முக்கியமானது இந்த இரண்டு முனைகளும் அல்ல, இடைப்பட்ட பயணம். த்ராட்டிலை மெதுவாகத் திறக்கத் திறக்க வோல்ட் சீராக ஏற வேண்டும். கால் அதிகம் நிற்பது கொஞ்சமாக மிதித்த நிலையில் என்பதால் கார்பன் தடம் முதலில் தேய்வதும் அங்கேதான். அந்த இடத்தைக் கடக்கும்போது வோல்ட் ஒரு நொடி விழுந்து எழும். ஓடும் வண்டி ஜெர்க் அடிப்பது அதனால்தான். முள் வைத்த மீட்டரில் இந்தத் தடுமாற்றம் டிஜிட்டல் மீட்டரைவிட நன்றாகத் தெரியும். மாற்றுவதும் பல வண்டிகளில் இரண்டு ஸ்க்ரூ வேலை. ஸ்க்ரூ துளை நீளவாட்டில் இருந்தால் மட்டும், மூடிய நிலை வோல்ட் கம்பெனி சொன்ன அளவுக்கு வரும்வரை சென்சாரைத் திருப்பி வைத்து இறுக்க வேண்டும்.

அந்தக் "கம்பெனி சொன்ன அளவு" யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோளாறு எண்களுக்கும் இதே கேள்விதான். அமெரிக்காவில் 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், சோதனை சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னிக் கோளாறு எண்ணைச் சொல்லும்: 21 என்றால் இந்தச் சென்சாரின் வோல்ட் அதிகம், 22 என்றால் குறைவு. மற்றக் கம்பெனிகளுக்கு வேறு சாக்கெட், வேறு எண்கள். 1996 மாடலிலிருந்துதான் அங்கே எல்லாக் கார்களுக்கும் ஒரே சாக்கெட், ஒரே அடிப்படை எண்கள் என்பது கட்டாயமானது. ஸ்கேனர் எண்ணைச் சொல்லிவிடுகிறதே, பிறகு மெக்கானிக்கின் அறிவு எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பழைய 22-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அது சொல்வது வோல்ட் குறைவு என்பதை மட்டுமே. சிக்னல் ஒயர் அறுந்தாலும் கனெக்டரில் பச்சை பூத்தாலும் அதே 22 வரும். எண்ணைப் பார்த்துச் சென்சாரை மாற்றுகிறவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

இந்தியாவில் மாற்றம் மளமளவென்று நடந்தது. 1998-இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜினோடு, சான்ட்ரோ கார் வந்தது. டெல்லி காற்று மாசு வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் புதிய கார்களின் புகை அளவுக்குக் கெடு விதிக்க, 2000-இல் மாருதி 800-ம் எம்.பி.எஃப்.ஐ. ஆனது. ஆனால் கோளாறைக் காட்டும் ஆன்போர்டு வசதி சட்டப்படி கட்டாயமானது 2010 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ் 4-ஓடுதான். இடைப்பட்ட பத்தாண்டில் வண்டிகள் சென்சாரோடு ஓடின. தெருமுனை ஷெட்டுக்கு மேனுவலும் இல்லை, கம்பெனி ஸ்கேனரும் இல்லை. அந்த நிலையில் ஊகித்து மாற்றிப் பார்ப்பதைத் தவிர அங்கிருந்த மெக்கானிக்குக்கு வேறென்ன வழி? 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றம். பயிற்சி இல்லாதவர் கைக்குப் போனால் பாதுகாப்புக்கு ஆபத்து என்று கம்பெனிகள் வாதிட்டன. ஆக்சிலரேட்டர் கேபிளே இல்லாமல், மிதிப்பதைச் சிக்னலாக வாங்கி மோட்டாரே த்ராட்டிலைத் திறக்கும் இன்றைய கார்களில் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் கனம் உண்டு. ஆனால் ஆபத்துக்கு மருந்து விவரம் தருவதும் பயிற்சி தருவதும்தானே தவிர, மறைப்பது அல்ல. மூன்று ஒயர் சென்சாருக்கோ அந்த வாதம் துளியும் பொருந்தாது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். "சென்சார் போயிடுச்சு" என்று கேட்டால், பணத்தை எடுப்பதற்கு முன் "எத்தனை வோல்ட் காட்டுதுண்ணே?" என்று கேளுங்கள். மீட்டரை வைத்துக் காட்டுகிற மெக்கானிக்குக்கு, பார்ட்ஸ் எதுவும் மாற்றாவிட்டாலும் பார்த்த நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.