படக்கதை வரைந்த பள்ளி ஆசிரியர்



பிள்ளைகள் கையில் படக்கதைப் புத்தகத்தைக் கண்டால் பெற்றோர் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "போய்ப் பாடப் புத்தகத்தை எடு" என்று சொல்லிப் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களிலும் அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால், கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, ஒவ்வொரு படத்தின் கீழும் சொற்களை எழுதி, முழுக் கதையாக அச்சிட்டு வெளியிட்ட முன்னோடி யார் தெரியுமா? அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான்.

அவர் பெயர் ரொடால்ஃப் டொப்ஃபர். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் 1799ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் பெயர் பெற்ற ஓவியர். மகனும் ஓவியராகத்தான் ஆசைப்பட்டார். ஆனால் கண்ணில் கோளாறு. வண்ணம் தீட்டி நுணுக்கமான ஓவியம் வரையும் தொழில் தனக்குக் கைகூடாது என்று தெரிந்ததும் கல்வித் துறைக்கு வந்தார். சில ஆண்டுகளில் சொந்தமாக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். விடுமுறையில் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைகளில் கால்நடையாகவே சுற்றுவார். மாலை வேளைகளில் பேனாவை எடுத்துக் கிறுக்கலாகப் படம் போட்டுக் கதை சொல்வார். காதலியைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராக ஓடும் வியு புவா என்பவரின் கதையை 1827இல் இப்படித்தான் வரைந்தார்.

இந்தக் கையெழுத்துப் புத்தகங்கள் நண்பர்களிடையே கை மாறின. ஜெனீவாக்காரரான ஃபிரடெரிக் சொரே ஜெர்மனியில் வைமர் அரண்மனையில் இளவரசருக்கு ஆசிரியராக இருந்தார். அவர் வழியாகச் சில புத்தகங்கள் பெருங்கவிஞர் கதேயின் கைக்குப் போயின. அப்போது கதேக்கு வயது 81. வயிறு குலுங்கச் சிரித்த அவர், சில பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்து, ஓய்ந்து, பிறகு மீண்டும் பார்ப்பாராம். இந்தச் செய்தி டொப்ஃபருக்குத் துணிவைக் கொடுத்தது. ஆனாலும் தயக்கம் முழுதும் போகவில்லை. 1832இல் அவர் ஜெனீவா அக்காடமியில் பேராசிரியர் ஆகியிருந்தார். பேராசிரியர் பொம்மை போடுகிறார் என்றால் ஊர் என்ன சொல்லும்? ஜாபோ என்னும் போலிப் பெரிய மனிதரின் கதையை 1833இல் அச்சடித்தும், 1835 வரை வெளியே விடாமல் வைத்திருந்தார்.

சரி, எப்படி அச்சடித்தார்? இங்கேதான் ஒரு புதிய தொழில்நுட்பம் அவருக்குக் கைகொடுத்தது. அதுவரை புத்தகத்தில் படம் வர வேண்டுமானால் மரத்திலோ செம்பிலோ செதுக்க வேண்டும். ஓவியர் வரைவார், பெரும்பாலும் வேறொருவர் செதுக்குவார். செலவும் அதிகம், ஓவியரின் கைவாகும் மாறிப்போகும்.

அலோயிஸ் செனஃபெல்டர் என்பவர் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வாழ்ந்த ஏழை நாடக ஆசிரியர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். 1796இல் ஒரு நாள் சலவைக்குப் போடும் துணிகளின் கணக்கை எழுதும்படி தாயார் சொன்னார். தாள் கைக்கு எட்டவில்லை. மெழுகும் சோப்பும் புகைக்கரியும் கலந்த மையால் பக்கத்தில் இருந்த வழவழப்பான கல்லின் மேல் எழுதி வைத்தார். அதிலிருந்து ஆராய்ந்து ஆராய்ந்து 1798 அளவில் கல்லச்சு முறையைக் கண்டார். அதன் உள்ளிருக்கும் உண்மை நம் சமையற்கட்டில் எல்லோரும் அறிந்ததுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால், வரைந்த கோட்டில் மட்டும் மை ஏறும். ஈரமான இடத்தில் ஏறாது.

ஆனால் இதிலும் ஒரு தொல்லை இருந்தது. தோட்ட அலுவலகத்தில் கிராணியார் வைத்திருக்கும் ரப்பர் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துகள் தலைகீழாக, இடவலம் மாறி இருக்கும். கல்லிலும் அப்படியே மாற்றி எழுத வேண்டும். பக்கம் பக்கமாகக் கதை எழுதுகிறவர் எப்படி மாற்றி மாற்றி எழுதுவார்? பசை பூசிய தாளில் நேராகவே எழுதி, வரைந்து, அதைக் கல்லின் மேல் கவிழ்த்து அழுத்தினால் மை கல்லுக்கு மாறிவிடும். டொப்ஃபர் இந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டார். இதனால் படமும் எழுத்தும் ஒரே பேனாவில், ஒரே கையால் பிறந்தன. படமில்லாமல் அந்தச் சொற்களுக்குப் பொருளில்லை, சொல்லில்லாமல் அந்தப் படங்களும் மங்கலே என்று அவரே விளக்கியிருக்கிறார். மென்மையான நிழல்கள் அந்த முறையில் வராது. வெறும் கோடுதான் வரும். கண் கோளாறு உள்ளவருக்கு அதுவே போதும் என்றாயிற்று. வேகத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் கட்டங்களைக் குறுக்கினார். கதை ஓட்டம் பிடித்தது.

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து ஒருவனின் அறிவையும் குணத்தையும் சொல்லிவிடலாம் என்று ஒரு போலிக் கலை பரவியிருந்தது. இதை விஞ்ஞானம் என்றே பலர் நம்பினார்கள். ஆப்பிரிக்க அடிமைகளையும் காலனி நாட்டு மக்களையும் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்று சொல்ல இதைச் சாட்சியாகக் காட்டியவர்களும் உண்டு. தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரையும் அப்படி அளந்து பார்க்கும் கண்கள் அந்த நூற்றாண்டில் குறைவில்லை.

டொப்ஃபர் 1837இல் வெளியிட்ட கிரெப்பேன் கதையில் இதைக் கேலி செய்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பன் நல்ல வாத்தியார் தேடி அலைகிறான். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு புது முறை வைத்திருக்கிறார். மண்டையைத் தடவிப் பார்க்கும் ஆளும் வந்து சேருகிறார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள் இந்தக் கதையைப் பார்த்தால் கொஞ்சம் நெளிவார்கள் என்றே நினைக்கிறேன்.

கேலியோடு அவர் நிற்கவில்லை. 1845இல் முக ஆராய்ச்சி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரே முகத்தை எடுத்துக்கொண்டு மூக்கை மட்டும் மாற்றினார். பிறகு நெற்றியை, தாடையை, உதட்டை மாற்றினார். ஒவ்வொரு முறையும் பார்ப்பவர் மனத்தில் வேறொரு ஆள் தோன்றினான். இப்படிப் பரிசோதித்து இரண்டு வகை அடையாளங்களைப் பிரித்தார். சிரிப்பு, அழுகை, கோபம் போன்ற மாறும் குறிகள் ஒன்று. இவை அந்த நேரத்து மனநிலையைச் சரியாகவே காட்டும். நெற்றி, மூக்கு, மண்டை போன்ற மாறாத அமைப்புகள் இன்னொன்று. இவற்றை வைத்து ஒருவனின் அறிவையோ ஒழுக்கத்தையோ தீர்மானிக்க முடியாது என்றார். மண்டை பார்க்கும் கலையை அவர் மறுத்தது இந்த இடத்தில்தான்.

வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம். அடுப்புக் கரியால் தரையில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு புள்ளி, ஒரு கோடு வையுங்கள். எவ்வளவு கோணலாகப் போட்டாலும் அது முகமாகிவிடும். முறைக்கும், அல்லது ஏங்கும், அல்லது பேந்தப் பேந்த விழிக்கும். வாய்க் கோட்டின் நுனியைச் சற்றே மேலே தூக்குங்கள், ஆள் மாறிவிடுவான். கரியோ மாறவில்லை, கையோ மாறவில்லை. 'திருட்டு முழி' என்று நாம் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்வதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு, பார்க்கிற கண்ணின் பங்கு எவ்வளவு என்று அப்போது கொஞ்சம் யோசிக்கத் தோன்றும்.

டொப்ஃபரின் கதைகள் புகழ் பெற்றதும் திருட்டும் தொடங்கியது. 1839இல் பாரிஸ் பதிப்பகம் ஒன்று அவற்றை வேறு ஆளை வைத்து நகலெடுத்து விற்றது. டொப்ஃபர் சளைக்காமல் வியு புவா கதையைப் புதிதாக வரைந்து அதே ஆண்டில் மறுபதிப்புப் போட்டார். அதே கதை 1841இல் லண்டனிலும், 1842 செப்டம்பரில் நியூயார்க்கிலும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் அச்சான முதல் படக்கதைப் புத்தகம் அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அதில் டொப்ஃபர் என்ற பெயரே இல்லை.

அவர் 1846 ஜூன் மாதம், 47ஆம் வயதில் காலமானார். முக ஆராய்ச்சி நூல் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கலை வரலாற்று அறிஞர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1960இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் அதை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். முகம் என்று நாம் அடையாளம் காணும் எந்தக் கிறுக்கலுக்கும், எவ்வளவு மோசமாக வரைந்திருந்தாலும், ஓர் உணர்ச்சி இருந்தே தீரும் என்ற கருத்துக்கு 'டொப்ஃபர் விதி' என்று பெயர் சூட்டினார். எடுத்துக்காட்டாகத் தம் நூலில் அவர் சேர்த்த படங்களில், அந்த ஜெனீவா ஆசிரியர் பேனாவால் கிறுக்கிய தலைகளும் இருந்தன.