கொங்கு நாட்டில் தனித்தீர்வை

பவானிக்கு வடக்கே பர்கூர் மலையின் அடிவாரத்தில் அமைந்த அந்தியூர், சமவெளிக் கொங்கிலிருந்து மலையேறிக் கொள்ளேகால் வழியாக மைசூர் நாட்டுக்குச் செல்லும் பாதையின் வாயிலில் இருக்கும் ஊர். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையாலும், பத்ரகாளியம்மன் கோயிலில் அடியார்கள் இறங்கும் குண்டத்தாலும் அறியப்பட்ட இவ்வட்டாரத்தில், செய்த வினைக்குப் பலன் உண்டு என்ற எண்ணம் எந்தச் சமயப் பரப்பாளரும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்த புதுச்சரக்கு அன்று. நேர்ந்த கடனைத் தீர்க்காதவனுக்குச் சாமி குத்தம் வரும் என்பதும், பொய்ச்சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பதும், பெற்றவர் பழி பிள்ளைகள் தலையில் விடியும் என்பதும் ஊரார் அன்றாடம் பேசிவந்தவையே. பலன் யாரைச் சேரும், எத்தனை பிறவிக்கு நீளும், எவ்வாறு தீரும் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் கிறித்தவம் வேறு விடை கொண்டுவந்தது. அந்த விடை தனிமனிதரின் பாவங்களைப் பொறுத்தவரை கொங்கில் ஆழமாக வேரூன்றியது; சாதி என்னும் பலர் கூடிச் செய்யும் தவற்றின் முன்னோ நெடுங்காலம் வாயடைத்து நின்றது.

கொங்கின் பழைய சமயச் சூழலில் வினைக் கோட்பாட்டை மிகக் கறாராக வகுத்தவர்கள் சமணர்கள். பெருந்துறைக்கு அருகிலுள்ள விசயமங்கலம் அவர்களுடைய பெரிய நிலையங்களுள் ஒன்று. பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிரை மரபு அவ்வூரோடு தொடர்புபடுத்துகிறது. செய்த வினை செய்தவனைத் தேடி வந்து சேரும், அதை மன்னிக்கத் தெய்வம் ஒன்று குறுக்கே வராது என்பது அச்சமயத்தின் அடிப்படை. சிலப்பதிகாரத்தின் கதையோட்டமே ஊழ்வினையின்மீது கட்டப்பட்டது. ஆனால் தமிழ் மரபு இதில் ஒருகுரலாகப் பேசியதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது: ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் வைத்த திருக்குறள், முயற்சியின் வலிமையை ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரத்தில் வைத்து, இரண்டையும் ஒரே நூலுக்குள் நிறுத்தியிருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, இந்த வாதத்துக்குள் நேரடியாக நுழைந்தவர். 1623இல் அவர் சேலம், சேந்தமங்கலம் பகுதிகளுக்குச் சென்றார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சத்தியமங்கலமும் இயேசு சபையினரின் மதுரை மிஷனின் நிலையங்களுள் ஒன்றாகிவிட்டது. மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்கென்றே அவர் தமிழில் எழுதிய புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்ற நூல், வினைப்பொறுப்பு பற்றிய கிறித்தவ நிலைப்பாட்டைத் தமிழ் உரைநடையில் விரித்துரைத்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. முற்பிறவிக் குற்றம் எது என்று தண்டனை பெறுபவனுக்கே நினைவில்லையென்றால் அத்தண்டனை எவ்வாறு அவனைத் திருத்தும், இப்பிறவியின் ஏற்றத்தாழ்வுக்கு முற்பிறவியே காரணமென்றால் முதற்பிறவியின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன என்ற போக்கில் அமைந்தது அவரது மறுப்பு. ஆத்துமா ஒன்று, பிறவி ஒன்று, அதற்கு விசாரணையும் ஒன்று என்பது அதன் முடிவு. இறந்தவுடன் ஒவ்வொரு ஆத்துமாவும் தனித்து எதிர்கொள்ளும் இவ்விசாரணையைக் கத்தோலிக்க மறைக்கல்வி தனித்தீர்வை என்று அழைத்தது. உலக முடிவில் எல்லாரும் கூட நடப்பது பொதுத்தீர்வை.

இந்தப் போதனை மக்களின் பழக்கமாக இறங்கியது நூல்களால் அன்று, பாவசங்கீர்த்தனத்தால்தான். செய்த பாவங்களைக் குருவின் காதில் சொல்லி மன்னிப்புப் பெறும் இச்சடங்கை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிறைவேற்ற வேண்டும் என்பதைத் திருச்சபை 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கத்திலேயே கட்டளையாக்கியிருந்தது. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்க நூல்களுள் ஒன்றே இதற்கான கையேடுதான்: இயேசு சபைத் துறவி என்றிக்கு என்றிக்கசின் கொம்பெசியோனாயரு 1580இல் கொச்சியில் அச்சேறியது. பிற்கால மறைக்கல்வி, பிறப்போடு வரும் குறையை ஜென்மப் பாவம் என்றும், அறிந்து மனம் பொருந்தித் தானே செய்வதைக் கர்மப் பாவம் என்றும் பிரித்து, பின்னதைச் சாவான பாவம், அற்பப் பாவம் என்று மேலும் வகுத்தது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று சிறுவர் மனப்பாடம் செய்தனர்: நாள்களை எண்ணிப் பார்க்கும் ஆத்துமசோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, மறைக்காமல் சொல்லுதல், குரு விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல்.

மன்னிப்பு என்றால் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை என்பதே இம்முறையில் கவனிக்கத்தக்கது. தானியம் அளக்கும் வள்ளத்தில் கள்ளம் செய்து பக்கத்து வீட்டானை ஏய்த்தவனோ, இரவில் வரப்பை நகர்த்திக் கட்டியவனோ, குருவிடம் அழுது மன்னிப்புப் பெற்றாலும் அபகரித்ததைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். இயன்றும் திருப்பிக் கொடுக்க மனமில்லையென்றால் அவனுடைய மனஸ்தாபமே செல்லாது. குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும் எஞ்சும் தண்டனையை இவ்வுலகில் தவத்தாலும் தருமத்தாலும் கழிக்க வேண்டும். கழியாதது இறப்புக்குப் பின் உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் ஆத்துமா வேதனைப்பட்டுத் தூய்மையடையும் நிலையில், கழியும். வினைப்பயன் என்னும் பழைய உணர்வை இப்போதனை ஒழித்துவிடாமல், ஒரே வாழ்நாளுக்குள் சுருக்கி, அதன் கணக்கை ஒரே ஆள் பெயரில் எழுதிவைத்தது என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கு அரசர்களையும் விட்டுவைக்கவில்லை. மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாகப் புகுந்து மதுரை நாட்டு மக்களின் மூக்கை அறுத்த மூக்கறுப்புப் போரைப் பற்றி நாம் அறிவதற்கு இயேசு சபையினர் கடிதங்களே முக்கியச் சான்று. தமிழ்–போர்த்துகீசிய அகராதி தொகுத்தவரான அந்தாம் தெ புரோயென்சா, 1659இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து எழுதிய கடிதத்தில், அப்போதுதான் மறைந்திருந்த திருமலை நாயக்கரின் பெருமைகளை ஒப்புக்கொண்டுவிட்டு, தம் அரசியல் வஞ்சகத்தால் சொந்தக் குடிகளுக்கும் அண்டை நாடுகளுக்கும் விளைந்த கேடுகளுக்குக் கணக்குச் சொல்ல அவர் இறைவன்முன் அழைக்கப்பட்டதாக எழுதினார். நாயக்கர் மகாலைக் கட்டியவரைப் பற்றி அவர் காலத்திலேயே எழுந்த இத்தகைய கடுந்தீர்ப்பு வேறு இடங்களில் காணக்கிடைப்பது அரிது.

அரசனிடம் கணக்குக் கேட்ட அதே துறவிகள், சாதியிடம் கேட்கத் தயங்கினர். நொபிலியின் மறுப்பு நூலிலேயே இதற்கான வித்து இருக்கிறது. ஏற்றத்தாழ்வு முற்பிறவித் தண்டனை அன்று என்று நிறுவிய அவர், உடலுக்குப் பல உறுப்புகள் வேண்டியிருப்பதுபோலச் சமூகத்துக்குப் பல நிலைகள் வேண்டும் என்ற விளக்கத்தை அந்த இடத்தில் வைத்தார். பிறப்பால் தாழ்ந்தவன் பாவி அல்லன் என்றது ஒரு விடுதலைதான். ஆனால் அவன் தாழ்ந்திருப்பதற்கு இப்போது யாருமே பொறுப்பில்லை என்ற நிலையும் அதனோடு சேர்ந்தே வந்தது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்களே என்ற அவரது வாதத்தைப் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்த நூற்றாண்டில் இது மலபார்ச் சடங்குகள் என்னும் பெரும் வழக்காக வெடித்தது. தமிழ்க் கிறித்தவரிடையே சாதி ஆசாரத்தை ஒட்டி மிஷனரிகள் அனுமதித்திருந்த வழக்கங்களுக்கு ஐரோப்பாவில் இட்ட பெயர் இது. கேரளத்தோடு இதற்கு நேர்த்தொடர்பு இல்லை. 1703இல் புதுச்சேரிக்கு வந்த உரோமைத் தூதர் தூர்னோன், தேங்காய் உடைத்து நடத்தும் திருமணம், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துதல், நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனங்கள் வழங்கக் குரு மறுத்தல் ஆகியவற்றை ஒரே ஆணையில் தடைசெய்தார். தேங்காய் உடைப்பதும் சாகக் கிடப்பவன் வீட்டு வாசலில் குரு தயங்கி நிற்பதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது, அந்த ஆணையின் பெருங்குறை. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணைமடல் தடைகளை உறுதிசெய்து, எல்லா மிஷனரிகளும் அவற்றைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் இயேசு சபையினரின் திட்டத்தையும் ஏற்றது. பூசலைத் தணித்த இந்த ஏற்பாடு, பாகுபாட்டைத் திருச்சபையின் நிர்வாகத்துக்குள்ளேயே குடியேற்றிவிட்டது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும், ஐதர், திப்பு காலப் போர்களும் கொங்குக் கிறித்தவர்களைக் குருக்களின்றி விட்டன. அவ்விடைவெளியில் செபங்களையும் பழக்கங்களையும் காத்தவர்கள், மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினரான உபதேசியார்கள்.

சீர்திருத்தச் சபையினர் இவ்விடயத்தில் வேறு பாதையில் வந்தவர்கள். 1830இல் கோயம்புத்தூரில் இலண்டன் மிஷன் பணியைத் தொடங்கிய அடிஸ் சார்ந்திருந்த மரபில் பாவசங்கீர்த்தனமும் இல்லை, உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை. விசுவாசத்தால் மீட்பு, அதன் கனியாக நல்லொழுக்கம் என்பதே போதனை. தவறியவரைச் சபை கூடி விசாரித்து இராப்போஜனத்திலிருந்து நிறுத்திவைப்பது அவர்களுடைய முறை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பிற சாதியாரோடு உணவருந்தாதவருக்குத் திருமுழுக்கு இல்லை என்று தீர்மானித்தது. சாதியை ஒவ்வொருவரும் தனித்தனியே விட வேண்டிய பாவமாக எழுத்தில் வகுத்தது இத்தீர்மானத்தின் சிறப்பு. பிற்காலத்தில் ஈரோட்டில் பணியாற்றிய இலண்டன் மிஷனைச் சேர்ந்த எச். ஏ. பாப்லி, 1931இல் குறளின் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டு, பழைய வாதத்தின் மறுகரையையும் தம் மக்களுக்குக் காட்டினார்.

கத்தோலிக்கத் தரப்பில் சாதி வழக்கங்களுக்கான பொறுப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர் ஒருவர் உண்டு. மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக், 1813இல் பிரான்சின் கஸ்தெல்நோதரியில் பிறந்து, 1842இல் புதுச்சேரிக்கு வந்த பாரிசு வேதபோதக சபைக் குரு. 1845இல் அந்தியூர் உள்ளிட்ட கோயம்புத்தூர்ப் பகுதி புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டபோது அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1846 அக்டோபர் 4 அன்று, கொங்குக் கத்தோலிக்கரின் பழைய மையமான கருமத்தம்பட்டியில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியக் குருக்களைப் பயிற்றுவித்து அவர்களிடமே திருச்சபையை ஒப்படைக்க வேண்டும் என்று அக்காலத்தில் விடாது வற்புறுத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

அவரைத் தின்ற கேள்வி மலபார்ச் சடங்குகள்தான். 1744 ஆணையின் சத்தியத்தைச் செய்யாத மிஷனரி இல்லை. ஆணை தடுத்த வழக்கங்களில் பல நிலவாத ஊரும் இல்லை. இது வெறும் சமூக வழக்கம் என்று ஒரு குரு கண்ணை மூடிக்கொண்டால், அது மூடநம்பிக்கை என்று இன்னொரு குரு தடுத்தார். இரண்டு பேரும் ஒரே ஆயரின் அனுமதியில் இயங்கினர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரமே ஆயரிடமிருந்து குருக்களுக்கு வருவதால், ஐயத்துக்குரிய வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் அதில் தமக்கும் பங்கு உண்டு, கண்டிப்பாகத் தடுத்தாலோ மக்கள் சிதறிப்போனதற்குத் தாமே காரணமாவோம் என்று அவர் தவித்தார். முன்னோர் அனுமதித்தார்கள், எல்லாரும் செய்கிறார்கள், உரோமைக்குத் தெரியும் என்ற மூன்று சமாதானங்களும் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. பெரும்பாலோர் அவற்றில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மனநிறைவோடு வாழ்ந்து முடித்தனர். ஆத்துமசோதனையை மக்களுக்குக் கற்பித்தவர் அதைத் தம் பதவியின்மீதே செய்து பார்த்ததுதான் பிரேசியாக்கைத் தனித்துக் காட்டுகிறது. தெளிவான தீர்ப்பை உரோமையிடம் கேட்டும் மனம் தெளியாததால் அவர் பதவி விலகினார்; 1855இல் விலகல் ஏற்கப்பட்டது.

அவர் எடுத்த முடிவு சரியா என்று கேட்பவர்களும் உண்டு. ஆயர் விலகியதால் கொங்கில் எந்தச் சடங்கும் நின்றுவிடவில்லை, எந்தச் சேரிக்கும் குரு கூடுதலாகப் போகவில்லை. தம் மனச்சான்றைக் காப்பாற்றிக்கொண்டு மக்களை அதே நிலையில் விட்டுச்சென்றார் என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி என்னவென்றால், பலர் கூடிச் செய்யும் தவற்றில் தனக்குள்ள பங்கு இவ்வளவு என்று வெளிப்படையாகக் கணக்கிட்டு, அதற்கான விலையைத் தானே கொடுத்த தலைவரை அக்காலக் கொங்குக் கத்தோலிக்க வரலாற்றில் வேறு எங்கும் எளிதில் காண முடியாது. அவர் 1856 டிசம்பர் 8 அன்று இலியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவி, 1859 மே 14 அன்று சியரா லியோனின் பிரீடவுனில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஆறு வாரத்துக்குள், ஜூன் 25 அன்று, 45ஆம் வயதில் இறந்தார்.

அவரை வருத்திய சத்தியத்தை உரோமை 1940இல் நீக்கியது. பாப்பரசர் பிரான்சிசு 2020 மே மாதத்தில் பிரேசியாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.