43–37: ஒரு கணக்கை வாசித்தல்

1973 முதல் 1988 வரை கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் ஒற்றையர் ஆட்டத்தில் 80 முறை மோதினார்கள். மார்ட்டினா 43 முறையும் கிறிஸ் 37 முறையும் வென்றார்கள். அந்த 80-இல் 60 இறுதிப் போட்டிகள். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் ஆளுக்கு 18. இவர்களைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் சொன்ன கதையை இந்த எண்களே மறுக்கின்றன என்பதால்தான் இவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதை எளிமையானது. கிறிஸ் நளினமான அமெரிக்கப் பெண். மார்ட்டினா கம்யூனிச செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்தவர், தசை முறுக்கேறியவர், 'ஆண்மை' மிக்கவர். அவர் பெண்களை நேசிப்பவர் என்பது 1981-இல் செய்தித்தாளில் வெளியானதும் அந்தப் பேச்சு இன்னும் கூர்மையானது. அவர் வென்றால், அது உழைப்பல்ல, உடல் என்றார்கள். கிறிஸ்ஸையும் விட்டுவைக்கவில்லை. ஆடுகளத்தில் முகம் மாறாமல் நின்றதற்காகவே அவரைப் பனிக்கன்னி என்றார்கள்.

இப்போது 43–37 என்ற கூட்டுத்தொகையைக் காலவாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் 25 ஆட்டங்களில் 21-ஐ வென்றவர் கிறிஸ். மீதி 55-இல் மார்ட்டினா 39, கிறிஸ் 16. வெற்றிக்கு உடல்தான் காரணம் என்றால், அதே உடல் முதலில் ஏன் திரும்பத் திரும்பத் தோற்றது? 1975 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் கிறிஸ்ஸிடம் தோற்ற கையோடு அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டபோது மார்ட்டினாவுக்கு வயது 18. குடும்பம் எல்லைக்கு அப்பால் இருந்தது. பின்னாளில் கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மன் துணையோடு பயிற்சியையும் உணவையும் அடியோடு மாற்றிக்கொண்டார். 1983-இல் ஆடிய 87 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றார். 'ஆண்மை' என்று பெயர் சூட்டப்பட்டது ஒரு பெண்ணின் பல வருட உழைப்புக்கு.

தரைவாரியாகப் பிரித்தால் இன்னொன்று தெரிகிறது. களிமண் தரையில் கிறிஸ் 11–3 என முன்னிலை. புல்தரையில் மார்ட்டினா 10–5, கடினத் தரையில் 9–7, உள்ளரங்கில் 21–14. 80 ஆட்டங்களில் 35 உள்ளரங்கில் நடந்தன. களிமண்ணில் 14 மட்டுமே. ஆட்டங்கள் எந்தத் தரையில் நடந்தன என்பதையும் சேர்த்துத்தான் கூட்டுத்தொகையைப் படிக்க வேண்டும். தொடர்ந்து 13 முறை மார்ட்டினாவிடம் தோற்ற கிறிஸ், 30 வயதில், 1985 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 6–3, 6–7, 7–5 என்று அவரை வென்றார். அடுத்த ஆண்டு அதே களத்தின் இறுதியில் மீண்டும் வென்றார். ஒருவர் உயர்ந்தபோது மற்றவரும் தன் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

இரண்டு பெண்கள் 80 முறை மோத, முதலில் பெண்களுக்கென்று போட்டிகள் வேண்டும். 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியொன்றில் ஆண்களுக்கான முதல் பரிசு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500. அதை ஏற்க மறுத்து, பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் ஹூஸ்டனில் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிச் சுற்றைத் தொடங்கினார்கள். பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவானதும், அமெரிக்க ஓபன் சமப் பரிசு வழங்கியதும் 1973-இல். கிறிஸ்ஸும் மார்ட்டினாவும் முதன்முதலில் மோதியதும் அதே ஆண்டில், ஓஹையோவின் ஆக்ரன் நகரில்.

பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று சொல்பவர்கள் இந்த 80-ஐ எடுத்துக்காட்டலாம். 80-இல் சேராத ஆட்டங்களும் உண்டு. 1975 பிரெஞ்சு ஓபனிலும் 1976 விம்பிள்டனிலும் இருவரும் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றார்கள். தன் ஆட்டம் மார்ட்டினாவுக்கு அத்துப்படியாகிறது என்று கிறிஸ்தான் அந்த இணையை முறித்தார், நட்பை முறிக்கவில்லை. 1986-இல் ஃபெடரேஷன் கோப்பைக்காக மார்ட்டினா பிராகுக்குத் திரும்பினார், இம்முறை அமெரிக்க வீராங்கனையாக. அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்லவில்லை, பார்வையாளர்கள் ஆரவாரித்தார்கள். முழங்கால் காயத்தோடு அதே அணியில் ஆட கிறிஸ்ஸும் வந்திருந்தார். இறுதியில் இருவரும் தத்தம் ஆட்டத்தை வென்றார்கள். அமெரிக்கா 3–0 என்று கோப்பையை எடுத்தது.