கோட்டையூர்த் தாள்கள்

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டின் பட்டு நெசவு வரலாற்றை எழுத முனைவோர்க்கு, அச்சிட்ட நூல்களைவிடப் பழைய கணக்கேடும் விலைச்சீட்டும் திருமண அழைப்பிதழுமே அதிகம் சொல்லக்கூடும். அவற்றைத்தான் நாம் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா அப்படிச் செய்யவில்லை. நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் அச்சேகரத்தை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். (நம் பல்கலைக்கழகங்களுள் ஒன்று வாங்கியிருக்கலாகாதா என்ற ஆதங்கம் நமக்கு இன்றும் உண்டு.) கப்பலேறிப் போயிருந்தால் நம்மில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்போம்? நல்லவேளை, தாள்கள் கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நைந்த பக்கங்கள் நுண்படச் சுருள்களில் ஏறின. தரமணியில் இன்று நாம் அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.