22 இன்னிங்ஸின் விலை

1990 அக்டோபர் 3, இரவு. பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானம். பருவத்தின் கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ரெட் சாக்ஸ் அணி 3-1 என முன்னால் இருக்கிறது. ஆனால் எதிரணியான சிகாகோ ஒயிட் சாக்ஸின் வீரர்கள் இருவர் பேஸில் காத்து நிற்கிறார்கள். ஆஸி கியென் அடித்த பந்து வலது மூலையை நோக்கிச் சீறிப் போகிறது. டாம் புருனான்ஸ்கி ஓடி, பாய்ந்து, தரையோடு சரிகிறார். அந்த மூலை பலர் கண்ணுக்கும் மறைவான இடம். பிடித்தாரா, விட்டாரா? அம்பயர் ஓடிப்போய்ப் பார்த்து அவுட் கொடுத்த பிறகுதான் கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த ஒரு கேட்சோடு அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவு பாஸ்டன் வசமானது. 88 வெற்றி. இரண்டாம் இடம் பிடித்த டொரொன்டோவுக்கு 86. அந்தக் காலத்தில் பிரிவில் முதலிடம் பிடித்தால்தான் அடுத்த கட்டம். இரண்டாம் இடத்துக்கு எதுவும் கிடையாது. இந்த இரண்டே ஆட்ட இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் பின்னே போவோம்.

ஆகஸ்டில் பாஸ்டனின் முதல் கவலை பந்துவீச்சு. ஆட்டத்தை முடித்துவைக்கும் ஜெஃப் ரியர்டன் முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். பேஸ்பாலில் ஒருமுறை வெளியேறிய பிட்சர் அதே ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. தொடங்கி வைத்தவர் களைத்துப் போனால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸைச் சுமக்க ரிலீஃப் பிட்சர் வேண்டும். அங்கேதான் ஓட்டை. அக்டோபர் ஆட்டங்களில் ஆட வேண்டுமென்றால் ஆகஸ்ட் முடிவதற்குள் வீரர் அணிக்கு வந்தாக வேண்டும். பொது மேலாளர் லூ கோர்மன் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிடமிருந்து லாரி ஆண்டர்சனை வாங்கினார். வயது 37, ஸ்லைடர் பந்தில் கைதேர்ந்தவர். விலையாகக் கொடுத்தது 22 வயது ஜெஃப் பேக்வெல்லை.

பேக்வெல் பாஸ்டனில் பிறந்து, கனெக்டிகட்டில் வளர்ந்து, சிறுவயது முதல் ரெட் சாக்ஸுக்காக உயிரை விட்டவர். அந்த அணியே அவரை 1989இல் தேர்ந்தெடுத்தது. 1990இல் நியூ பிரிட்டனில் இரண்டாம் நிலை அணிக்கு ஆடி, மூன்று முறைக்கு ஒருமுறை ஹிட் என்ற சராசரியில் ஈஸ்டர்ன் லீக்கின் சிறந்த வீரரானார். ஆனால் ஹோம் ரன் நான்கே நான்கு. அவர் ஆடிய மூன்றாம் பேஸில் பாஸ்டனுக்கு வேட் போக்ஸ் இருந்தார், ஐந்து முறை பேட்டிங் பட்டம் வென்றவர். அவருக்குப் பின்னால் ஸ்காட் கூப்பர். முதல் பேஸுக்கோ மோ வான் வளர்ந்துகொண்டிருந்தார். பேக்வெல்லுக்கு நிற்க இடமில்லை என்று கோர்மன் நினைத்ததில் நியாயம் உண்டு.

ஆண்டர்சன் சொன்ன வேலையைச் செய்தார். 15 ஆட்டங்களில் 22 இன்னிங்ஸ் வீசி, தன் கணக்கில் விட்டது மூன்றே ரன். இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் முடிந்த பந்தயத்தில் இது சிறு உதவி இல்லை. இந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. செப்டம்பரின் பெரும்பகுதி ரோஜர் கிளெமென்ஸே தோள் வலியால் ஒதுங்கியிருந்த அணி அது. ஆண்டர்சன் இல்லாமல் புருனான்ஸ்கியின் அந்தக் கேட்சுக்கே வேலை வந்திருக்குமா?

அக்டோபர்தான் கைவிட்டது. லீக் பட்டத்துக்கான தொடரில், ஓக்லண்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கிளெமென்ஸ் ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் 1-0 என்ற முன்னிலையை ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த ஆண்டர்சன் அதைக் காக்க முடியவில்லை. ஏழாவதில் ஒன்று, எட்டாவதில் ஒன்று. தோல்வி அவர் பெயரில் எழுதப்பட்டது. ஒன்பதாவதில் மற்றவர்கள் ஏழு ரன் கொடுத்து 9-1 ஆக்கினார்கள். நான்கு ஆட்டத்திலும் தோற்ற பாஸ்டன் ஆட்டத்துக்கு ஒரு ரன்தான் எடுத்தது. அப்படி அடிக்கிற அணியை எந்த ரிலீவராலும் காப்பாற்ற முடியாது. குளிர்காலத்தில் ஆண்டர்சன் சான் டியாகோ அணிக்குப் போய்விட்டார். பாஸ்டனின் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

ஹூஸ்டன் பேக்வெல்லை முதல் பேஸுக்கு மாற்றியது. 1991இல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம். 1994இல் 110 ஆட்டங்களில் 39 ஹோம் ரன், சராசரி .368, ஒருமனதாகச் சிறந்த வீரர் விருது. 15 பருவம், அத்தனையும் ஒரே அணிக்கு, 449 ஹோம் ரன்.

இனி தீர்ப்பு. ஆண்டர்சனை வாங்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 1918க்குப் பிறகு அதுவரை பேஸ்பால் கோப்பையைத் தொடாத ஊர் அது. முதலிடத்தில் இருக்கும்போது 'பொறுத்திருப்போம்' என்று எந்த மேலாளரும் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காத 37 வயதுக்காரருக்கு இந்த விலை கொடுத்ததுதான் பிழை. ஹோம் ரன் நான்கு என்பதைப் பார்த்தவர்கள், பந்து எளிதில் வெளியே போகாத மைதானத்தில் அடித்த நான்கு அது என்பதைப் பார்க்கவில்லை. கெட்ட பந்தைத் தொடாமல் விடும் அவருடைய பொறுமையை எடைபோடவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்த சங்கதி அல்ல. பேக்வெல் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, எண்களை ஆராய்ந்து எழுதும் பில் ஜேம்ஸ், 1991இல் நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டம் இந்தப் பையனுக்கு என்று கணித்திருந்தார். கணிப்பு அப்படியே பலிக்கவில்லை என்றாலும், பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அந்தக் கோடையிலேயே ஆள் யாரென்று தெரிந்திருந்தது.

போக்ஸ் 1992 முடிந்ததும் பாஸ்டனை விட்டு, பரம வைரியான நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். மூன்றாம் பேஸ் காலியானது. அங்கே கூப்பர் வந்து நின்றார். பேக்வெல் 2017இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார். அங்குள்ள வெண்கலப் பலகையில், அவர் ஆடிய அணியாகப் பொறித்திருப்பது ஹூஸ்டன், 1991 முதல் 2005 வரை.