நிர்மல் ஜித் சிங் செகோனும் ஸ்ரீநகர் வான்சண்டையும் (1971)

இந்திய விமானப்படையின் பிளையிங் ஆபிசர் நிர்மல் ஜித் சிங் செகோன், 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத்தளத்தின் மேல் நடந்த வான்சண்டையில் உயிரிழந்த போர் விமானி ஆவார். நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்கரம் அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இதுவரை அவ்விருதைப் பெற்றுள்ள 21 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர் அவர் ஒருவரே.

இளமையும் பணியும்

பஞ்சாபின் லூதியானா மாவட்டத்திலுள்ள இசேவால் கிராமம் செகோனின் சொந்த ஊர். அவரது தந்தையும் விமானப்படையில் பணியாற்றியவர். 1967 ஜூன் 4 அன்று செகோன் விமானியாகப் படையில் சேர்ந்தார். பின்னர் 18-ஆம் படையணிக்கு அனுப்பப்பட்டார். 1965 ஏப்ரல் 15 அன்று உருவான அந்தப் படையணி, நாட் என்னும் சிறிய போர் விமானங்களை ஓட்டியது. மறைந்தபோது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை.

நாட் விமானம்

நாட் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டது. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் அதைத் தயாரித்தது. ஏறத்தாழ 9 மீட்டர் நீளமும், 7 மீட்டருக்குக் குறைவான இறக்கை அகலமும் கொண்டது. அதன் சிறிய உருவம் எதிரியின் கண்ணுக்கு எளிதில் படாது. விரைவாகத் திரும்பவும் வல்லது. இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள் அதன் ஆயுதம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு எதிராகப் பெயர் பெற்றது. ஆனால் பீரங்கி இடையில் அடைத்துக்கொள்வது அதன் அறியப்பட்ட குறை.

ஸ்ரீநகரின் நிலை

1948-ஐ ஒட்டிய பன்னாட்டு உடன்பாட்டின் காரணமாக, காஷ்மீரில் போர் விமானங்கள் நிலையாக வைக்கப்படவில்லை. 1971 டிசம்பர் 3 அன்று போர் மூண்டபோது பள்ளத்தாக்கைக் காக்கும் பொறுப்பு 18-ஆம் படையணியிலிருந்து வந்த ஒரு சிறு பிரிவிடம் இருந்தது. சமவெளியில் பழகிய விமானிகளுக்கு மலை சூழ்ந்த நிலமும், குளிர்காலப் பனிமூட்டமும், உயரமான இடத்தின் மெல்லிய காற்றும் புதியவை. ஆயினும் போர் தொடங்கிய நாள் முதல் அவர்கள் அடுத்தடுத்த தாக்குதல்களை எதிர்கொண்டு வந்தனர்.

டிசம்பர் 14

அன்று காலை பெஷாவரிலிருந்து பாகிஸ்தான் விமானப்படையின் ஆறு சேபர் விமானங்கள் வந்தன. நான்கு குண்டு வீசுவதற்கும் இரண்டு அவற்றுக்குக் காவலாகவும் வந்தவை. ஓடுதளத்தில் இரண்டு நாட்கள் ஆயத்தமாக நின்றன. முன்னதில் பிளைட் லெப்டினன்ட் குமன், பின்னதில் செகோன்.

குமனின் விமானம் முதலில் கிளம்பியது. அது எழுப்பிய புழுதி அடங்கும்வரை செகோனால் புறப்பட முடியவில்லை. அதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது.

இந்த நேரத்தில் புறப்படுவதன் ஆபத்தை விளங்கிக்கொள்வது அவசியம். ஓடுதளத்தில் ஓடும் விமானம் நேர்கோட்டில்தான் செல்ல முடியும். விலகவோ திரும்பவோ இயலாது. மேலெழுந்த பிறகும் சில நொடிகள் வேகமும் உயரமும் குறைவாகவே இருக்கும். மேலே சுற்றும் எதிரிக்கு அதைவிட எளிய இலக்கு இல்லை. செகோன் இதை அறிந்தே புறப்பட்டார். எழுந்தவுடன் ஒரு சேபர் இணையைத் துரத்தினார். மூட்டத்தில் குமன் அவரைத் தவறவிட்டதால் இறுதிவரை தனியாகவே போரிட நேர்ந்தது.

மரங்களின் உச்சியளவு உயரத்தில் வட்டமிட்டுச் சண்டை நடந்தது. மற்ற சேபர்களும் திரும்பி வந்து சேர்ந்ததும் ஒருவருக்கு நால்வர் என்ற நிலை ஆனது. தன் விமானம் அடிபட்டதை வானொலியில் செகோன் தெரிவித்தார். கடைசி நேரத்தில் வெளியேற முயன்றார், உயரம் போதவில்லை. விமானம் மலைப்பகுதியில் விழுந்தது. தேடியும் அவரது உடல் கிடைக்கவில்லை. இரண்டு நாட்களில், டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து போர் முடிந்தது. அவருக்கு மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

இரு தரப்புக் கூற்றுகள்

செகோன் ஒரு சேபரைச் சுட்டுத் தாக்கினார், இன்னொன்றுக்குத் தீ மூட்டினார் என்று விருதுக் குறிப்பு கூறுகிறது. அச்சண்டையில் தாங்கள் விமானம் எதையும் இழக்கவில்லை என்பது பாகிஸ்தான் தரப்பின் நிலை. வான்போர் வரலாற்றில் இத்தகைய முரண் புதிதல்ல. நொடிக்கணக்கில் நடக்கும் சண்டையில் புகையைக் கண்டவர் விமானம் விழுந்ததாகக் கருதுவதுண்டு. அடிபட்ட விமானம் தன் தளத்துக்குத் திரும்பிவிடுவதும் உண்டு.

ஆனால் ஒன்றில் இரு தரப்பும் உடன்படுகின்றன. குண்டு விழும் நேரத்தில் அந்த நாட் புறப்பட்டது, எண்ணிக்கையில் மிகுந்த எதிரியை விடாது எதிர்த்தது என்பதே அது. அவரைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானியான சலீம் பேக் மிர்சாவே பின்னாளில் செகோனின் திறமையைப் பாராட்டி எழுதினார். வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்தாலும் செகோனுடைய செயலின் மதிப்பு குறைவதில்லை.

நினைவும் தமிழகத் தொடர்பும்

செகோனின் உருவம் பொறித்த அஞ்சல்தலை 2000-ஆம் ஆண்டு வெளியானது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரின் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்கரம் பெற்றோரின் பெயர்கள் சூட்டப்பட்டபோது ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது.

அவரது படையணிக்குத் தமிழ்நாட்டுடனும் தொடர்பு உண்டு. மிக்-27 விமானங்கள் ஓய்வு பெற்றதை அடுத்து 2016-இல் செயல்பாட்டை நிறுத்திய 18-ஆம் படையணி, 2020 மே 27 அன்று கோயம்புத்தூர் அருகேயுள்ள சூலூர் தளத்தில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. ஸ்ரீநகரில் முதலில் இறங்கிச் செயல்பட்டதால் ‘காஷ்மீர் பள்ளத்தாக்கின் காவலர்கள்’ என்று அழைக்கப்பட்ட படையணி அது. அப்படையணியில் தேஜஸ் ஓட்டும் இளம் விமானிகள் செகோனைத் தங்கள் படையணியின் முன்னோடியாகக் கொள்கின்றனர்.