குகைக் கல்விழுதுகளும் பூமியின் வயதும்

சுண்ணாம்புக் குகைகளின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் (ஸ்டாலக்டைட்) தரையிலிருந்து எழும் கல்முளைகளும் (ஸ்டாலக்மைட்) சொட்டு நீரால் உருவானவை. பூமியின் வயது பற்றிச் சமய நூல்களும் அறிவியலும் வேறுபட்ட இடங்களில் இவை சுமார் இரு நூற்றாண்டுகளாகச் சான்றாகக் காட்டப்பட்டு வருகின்றன. பூமி மிகப் பழமையானது என்றவர்களும், சில ஆயிரம் ஆண்டுகளே ஆனது என்றவர்களும் இதே கற்களைக் காட்டியே வாதிட்டனர்.

உருவாகும் முறை

மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி குகைக்குள் கசிகிறது. அங்கே அந்த வாயு வெளியேறிவிடுவதால், கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது.

திருப்பூர் வீரபாண்டி அமைந்துள்ள கொங்குச் சமவெளியின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ் வகையைச் சேர்ந்தது. இத்தகைய குகைகள் அதில் உருவாவதில்லை. ஆனால் இதே வேதிவினை இங்குள்ள சாயப்பட்டறைகளுக்குப் பழக்கமானதுதான். கடின நீரை அப்படியே பாய்லரில் விட்டால் குழாய்களின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஏறும். அதனால்தான் நீரை முதலில் மென்மையாக்குகிறார்கள். பாய்லரில் வெப்பம் அந்த வாயுவை வேகமாக வெளியேற்றுவதால் படிவும் வேகமாக ஏறுகிறது. குகையில் அதே வேலை மிக மெதுவாக நடக்கிறது. ஆகவே படிவின் தடிமனை மட்டும் பார்த்து அதன் வயதைச் சொல்லிவிட முடியாது. இந்த உண்மை பின்னர் இரு தரப்பினரையும் சிக்கலில் மாட்டியது.

சமயக் காலக்கணக்குகள்

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட நூலில், விவிலிய வம்சாவளிகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று கணித்தார். இந்த ஆண்டு பின்னர் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரக் குறிப்பிலும் அச்சிடப்பட்டது.

இந்து மரபில் ஒரு கல்பம் என்பது 432 கோடி ஆண்டுகள். சமணத்தில் உலகுக்குத் தொடக்கமே இல்லை. கல்பக் கணக்கு இன்றைய அறிவியல் மதிப்பான சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு நெருக்கமாக இருப்பது அடிக்கடி பெருமையாகச் சுட்டப்படுகிறது. ஆனால் நடப்புக் கல்பத்தில் இதுவரை கழிந்தவை சுமார் 197 கோடி ஆண்டுகள் என்பதே அந்த மரபின் கணக்கு. மேலும் கல்பம் என்பது யுகச் சுழற்சியின் ஓர் அளவு. பாறைகளை ஆராய்ந்து பெறப்பட்டதன்று.

இங்கிலாந்துக் குகைகளில் எழுந்த வாதம்

இங்கிலாந்தின் கென்ட்ஸ் கேவர்ன் குகையில் 1820களில் தோண்டிய ஜான் மக்எனரி ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கற்படிவத் தளத்துக்கு அடியில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதர் செய்த கற்கருவிகளையும் அவர் கண்டார். புவியியலாளரும் ஆங்கிலிக்கன் குருவுமான வில்லியம் பக்லேண்ட் அதை ஏற்கவில்லை. பிற்கால மனிதர்கள் தளத்தைத் தோண்டியதால் கருவிகள் உள்ளே போயிருக்கலாம் என்றார். 1858இல் வில்லியம் பெஞ்செலி பிரிக்ஸ்ஹம் குகையில், உடையாத கற்படிவத் தளத்தின் கீழ் அதேபோன்ற சான்றுகளைக் கண்ட பிறகே கருத்து மாறத் தொடங்கியது.

கென்ட்ஸ் கேவர்னில் 1688 என்று ஆண்டு பொறித்த ஒரு கையெழுத்தின் மேல் படிந்திருந்த படலம் ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்பதைப் பெஞ்செலி சுட்டிக்காட்டினார். அந்த வேகத்தில் ஒன்றரை மீட்டர் தளம் படிய இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் வில்லியம் பாய்டு டாக்கின்ஸ், இங்கிள்பரோ குகையின் ஒரு கல்முளை ஆண்டுக்கு ஏழு மில்லிமீட்டருக்கும் மேல் வளர்வதைக் காட்டினார். அந்த வேகத்தில் அதே தளத்துக்கு இருநூறு ஆண்டுகளே போதும்.

தென்னிந்தியத் தொடர்பு

1863இல் சென்னை பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1880களில் தம் மகன் ஹென்றியுடன் கர்னூல் பகுதியின் பில்லசுர்கம் சுண்ணாம்புக் குகைகளை ஆராய்ந்தார். அங்கு ஏராளமான விலங்கு எலும்புகள் கிடைத்தன. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய மெதடிஸ்த பாதிரியார். விவிலிய மொழிபெயர்ப்பும் பழங்கற்கால ஆய்வும் அன்று ஒரே குடும்பத்தில் இடம்பெற்றிருந்தன.

புதிய அளவீடு

வளர்ச்சி வேகத்தை ஊகிக்கும் தேவையை யுரேனியம்–தோரியம் முறை நீக்கியது. யுரேனியம் நீரில் கரையும். தோரியம் பெரும்பாலும் கரையாது. எனவே புதிதாகப் படியும் கல்லில் யுரேனியம் இருக்கும், தோரியம் ஏறக்குறைய இருக்காது. யுரேனியம் சிதைந்து தோரியம் சேரும் அளவைக் கொண்டு, சுமார் 5 லட்சம் ஆண்டுகள் வரை படிவின் வயதைக் கணக்கிடலாம்.

மேகாலயத்தின் மாம்லூ குகையில் எடுத்த கல்முளை இம்முறையால் காலம் கணிக்கப்பட்டது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றியதை அது காட்டியது. 2018இல் புவியியல் கால அட்டவணையின் கடைசிப் பகுதிக்கு மேகாலயன் காலம் என்று பெயரிடப்பட்டது.

இன்றைய வாதங்கள்

1961இல் வெளிவந்த ‘ஜெனிசிஸ் ஃப்ளட்’ நூலுக்குப் பின் இளம்பூமிக் கொள்கை மீண்டும் பரவியது. கான்கிரீட் பாலங்களுக்கு அடியில் சில பத்தாண்டுகளில் தொங்கும் வெள்ளை விழுதுகளை அதன் ஆதரவாளர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் கான்கிரீட்டிலிருந்து கசிவது கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கல்லாகிறது. குகையிலோ அந்த வாயு நீரை விட்டு வெளியேறுகிறது. இரண்டும் வெவ்வேறு வினைகள். ஒன்றின் வேகம் மற்றதற்குப் பொருந்தாது. மறுபுறம், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இலேயே பூமியின் வயது பல நூறு கோடி ஆண்டுகள் என்ற அறிவியல் கருத்தை வரவேற்றுப் பேசினார்.

கல்விழுதுகள் பூமியின் வயதை நேரடியாகச் சொல்வதில்லை. படிவுக்கு முன்பே குகை இருந்திருக்க வேண்டும். குகைக்கு முன்பே பாறை இருந்திருக்க வேண்டும். எனவே அவை தருவது குறைந்தபட்ச வயது மட்டுமே. பூமியின் முழு வயதுக்கு அடிப்படையானது, கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 1956இல் வெளியிட்ட 455 கோடி ஆண்டுகள் என்ற மதிப்பு. ஆனால் உலகின் வயது ஆறாயிரம் ஆண்டுகள் என்ற கணக்கை மறுக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுப் பழமை அளந்தறியப்பட்ட ஒரு கல்முளையே போதும்.